தண்ணீரா, வேக்யூமா, மாஸ்க்கா? தூசி பறக்கும் வேலைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது

"குளியலறை டைல்ஸை வெட்டி எடுக்கணும். எந்த மாஸ்க் வாங்கலாம்?" இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். டைல்ஸ் இருக்கும் இடத்தில் சில நாள் கான்கிரீட் சுவர் இருக்கும், சில நாள் பழைய பெயிண்ட் அடித்த கதவு, சில நாள் எம்டிஎஃப் பலகை (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்தது). பின்பாதி மட்டும் மாறாது: எந்த மாஸ்க்?

அக்கறையோடு கேட்கிறவர்களிடம் கேள்வியே தப்பு என்று சொல்ல மனசு வராது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். மாஸ்க் கட்டாயம் வேண்டும், ஆனால் அது கடைசியாக எடுக்க வேண்டிய முடிவு. தூசியை எங்கே பிடிப்பது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். பிளேடின் விளிம்பிலேயே பிடிக்கலாம். அறைக்குள் பரவிய பிறகு பிடிக்கலாம். மூக்கின் வாசலில் பிடிக்கலாம். ஒவ்வொரு படி தள்ளிப்போகப் போக வேலை கடினமாகிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒருமுறை வயர் பதிக்கச் சுவரில் காடி வெட்டினேன். நல்ல மாஸ்க்தான் போட்டிருந்தேன். வெட்டி முடிக்க அரைமணி நேரம். அப்புறம் மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, துடைப்பத்தை எடுத்து ஒரு மணி நேரம் பெருக்கினேன். அன்று நுரையீரலுக்குள் போனதில் பெரும்பங்கு அந்த ஒரு மணி நேரத்தில்தான் போயிருக்கும். இரண்டு நாள் கழித்து, அடுத்த அறையில் கதவு சாத்தியிருந்த அலமாரியைத் திறந்தால், உள்ளே இருந்த தட்டில் விரலால் கோடு போட முடிந்தது. அந்த வெள்ளைப் படலத்தைப் பார்த்த பிறகுதான் மாஸ்க்கிலிருந்து யோசிக்கத் தொடங்கும் பழக்கத்தை விட்டேன்.

## ஒரு மீட்டர் வெட்டில் எவ்வளவு தூசி?

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். கான்கிரீட் சுவரில் ஒரு மீட்டர் நீளம், 25 மில்லிமீட்டர் ஆழம், இரண்டரை மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளேடு. அந்த ஒரு வெட்டில் 62 கன சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான கான்கிரீட் பொடியாகிறது. எடையில் சுமார் 140 கிராம். காடிக்கு இரண்டு வெட்டு வேண்டும், ஆக 280 கிராம். கான்கிரீட்டிலும் சிமெண்ட் கலவையிலும் படிகச் சிலிக்கா, அதாவது மணலிலும் கல்லிலும் உள்ள கனிமம், 25 முதல் 70 சதவீதம் வரை இருக்கும். குறைந்த அளவையே எடுத்துக்கொண்டாலும் 70 கிராம் சிலிக்கா.

இப்போது மறுபக்கம். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா வைத்திருக்கும் வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் நுண்சிலிக்கா. வேலை செய்யும் ஒருவர் எட்டு மணி நேரத்தில் ஏறக்குறைய 10 கன மீட்டர் காற்றை உள்ளே இழுக்கிறார். பெருக்கினால் ஒரு நாளுக்கு அரை மில்லிகிராம். கிட்டத்தட்ட ஒரே ஒரு சர்க்கரைப் பரலின் எடை. உங்கள் ஒரு மீட்டர் காடியிலிருந்து வந்த 70 கிராமில் அப்படிப்பட்ட பரல்கள் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் இருக்கின்றன. எல்லாம் நுரையீரலுக்குப் போகாது, பெரும்பகுதி பெரிய துகளாகக் காலடியிலேயே விழுந்துவிடும். ஆனால் மூச்சோடு போக மிகச் சின்னப் பங்கே போதும் என்பது இந்தக் கணக்கில் தெரிகிறது.

நுரையீரலின் அடிவரை இறங்குவது பத்து மைக்ரானுக்குக் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே உள்ள துகள், குறிப்பாக நாலைந்து மைக்ரானும் அதற்குக் கீழும். இவை சீக்கிரம் விழாது. பத்து மைக்ரான் துகள் தலை உயரத்திலிருந்து தரையைத் தொடச் சில நிமிடங்கள் ஆகும். ஒரு மைக்ரான் துகளுக்கு, காற்றே அசையாத அறையிலும் மணிக்கணக்கில் ஆகும். புகைபோல எழுந்தது அடங்கிவிட்டது என்று நீங்கள் மாஸ்க்கைக் கழற்றும்போது, ஆபத்தான பகுதி இன்னும் முகத்துக்கு நேரே மிதந்துகொண்டிருக்கிறது.

சிலிக்கா நுரையீரலில் தழும்பை உண்டாக்குகிறது. அதன் பெயர் சிலிக்கோசிஸ். தழும்பை மாற்றும் மருந்து கிடையாது, பெரும்பாலும் வருடங்கள் கழித்தே அறிகுறி தெரியும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மரத்தூசியை 1995-லும், மூச்சோடு போகும் படிகச் சிலிக்காவை 1997-லும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது. மரத்தூசி எல்லாருக்கும் ஆச்சரியம் தருகிறது. "இயற்கைப் பொருள்தானே" என்பார்கள். மூக்குப் புற்றுநோயும் ஆஸ்துமாவும் அதில் உண்டு.

## முதலில் அளவுகோல்கள்

பொருள் என்ன? மணற்கல்லில் சிலிக்கா 70 முதல் 90 சதவீதம். கிரானைட்டில் 30-ஐ ஒட்டி. டைல்ஸில் 30 முதல் 45. செங்கல்லில் 30 வரை. பளிங்கில் இரண்டு சதவீத அளவுதான். ரெசின் கலந்து செய்யும் செயற்கைக் கல் பலகைகளில் 90-ஐத் தாண்டுவதும் உண்டு. அதை வெட்டிய இளம் தொழிலாளர்களுக்கு வந்த சிலிக்கோசிஸைப் பார்த்துத்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகையையே தடை செய்தது. கல்லா, மரமா, உலோகமா, பெயிண்டா என்பதைப் பொறுத்து வழியும் மாறும்.

இடம் எது, பக்கத்தில் யார்? மூடிய அறையும் வெட்டவெளியும் ஒன்றில்லை. வீட்டில் குழந்தை, வயதானவர், ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் உங்கள் முகத்தை மட்டும் காக்கும் வழி போதாது.

எவ்வளவு நேரம், எத்தனை முறை? வாழ்நாளில் ஒரு சுவரில் நான்கு ஓட்டை போடுவதும், தினமும் அதையே தொழிலாகச் செய்வதும் வேறு வேறு.

எப்படிச் சுத்தம் செய்யப்போகிறீர்கள்? எல்லாரும் மறந்துவிடும் அளவுகோல் இது. என் பார்வையில் பாதி முடிவு இங்கேதான் இருக்கிறது.

மொத்தச் செலவு. கருவியின் விலையோடு பை, ஃபில்டர், பிளேடு, துடைக்கும் நேரம் எல்லாம் சேர்த்துப் பாருங்கள்.

ஒப்பீட்டுக்குள் போகும் முன் இரண்டு பொருள்களைத் தனியாக எடுத்து வைக்கிறேன். முதலாவது ஆஸ்பெஸ்டாஸ், நுரையீரலைக் கெடுக்கும் நார்க் கனிமம். பழைய சிமெண்ட் ஷீட், பழைய குழாய் உறை, சில பழைய தரை ஓடுகள் இவற்றில் இருக்கலாம். சந்தேகம் இருந்தாலே பவர் டூலை அருகில் கொண்டுபோகாதீர்கள். வெட்டவும் வேண்டாம், துளைக்கவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். பரிசோதித்துப் பார்த்து, பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள். கீழே சொல்லும் எந்த வழியும் அதற்கான வழி இல்லை.

இரண்டாவது, ஈயம் கலந்த பழைய பெயிண்ட். அதை வெறும் சாண்டர் மிஷினால் தேய்த்தால் ஈயம் வீடு முழுக்கப் படியும். தரையில் தவழும் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் அது நேராகப் போகும், மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். முதலில் பெயிண்டைப் பரிசோதியுங்கள். ஈயம் இருந்தால் ஈரமாக்கிய உப்புத்தாளால் கையாலேயே தேய்ப்பது, அல்லது மூடியும் ஹெப்பா வேக்யூமும் (மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஃபில்டர் உள்ளது) பொருத்திய மிஷின் மட்டுமே. பெயிண்டை இளக்கச் சூடான காற்று ஊதும் ஹீட் கன் பிடித்தால் வெப்பத்தைக் குறைவாக வையுங்கள். அமெரிக்க விதி 593 டிகிரி செல்சியஸைத் தொடும் ஹீட் கன்னை ஈயப் பெயிண்டில் தடுக்கிறது, ஏனென்றால் அந்தச் சூட்டில் ஈயம் புகையாகவே எழும்பும்.

## வழி 1: தூசியே கிளம்பாமல் செய்வது

யாரும் இதை ஒரு வழியாக எண்ணுவதில்லை, பவர் டூல் கையில் இருந்தால் கை அதற்குத்தான் போகும். ஆனால் நேரான டைல்ஸ் வெட்டுக்குக் கையால் இழுக்கும் டைல் கட்டரே போதும். கோடு கீறி, அழுத்தி உடைத்தால் காற்றில் ஏறுவது சொற்பம். ஜிப்சம் பலகையையும் கத்தியால் கீறி மடக்கி உடைக்கலாம். சிமெண்ட் ஃபைபர் பலகைக்குக் கத்தரிபோல் வெட்டும் கருவி உண்டு. மரத்தில், சாண்டரால் அரைமணி நேரம் தேய்ப்பதற்குப் பதில் இழைப்புளியால் நாலு இழுப்பு இழுத்தால் வருவது சுருள் சீவல். சீவல் மூக்குக்குள் போகாது. பலகையை வாங்கும் இடத்திலேயே அளவுக்கு வெட்டித் தரச் சொல்லலாம். வயருக்குச் சுவரை வெட்டாமல் மேலேயே பைப் ஓட்டலாம், பார்வைக்குக் கொஞ்சம் குறைதான்.

மறைந்திருக்கும் செலவு நேரமும் பழக்கமும். கையால் வெட்டுவதில் வளைவு வெட்டு வராது, கடினமான போர்சலைன் டைல்ஸ் கோணலாக உடையும், முதல் நாலைந்து வீணாகும். கொஞ்சமாக, நேராக வெட்ட வேண்டிய வேலைக்கு இதை முதலில் யோசியுங்கள்.

## வழி 2: தண்ணீர் விட்டு வெட்டுவது

கல், கான்கிரீட், டைல்ஸ் வேலைக்கு இது பழைய வழி, நல்ல வழி. பிளேடு பொருளைத் தொடும் இடத்தில் தண்ணீர் பட்டால் பொடி பறக்கும் முன்பே நனைந்து சேறாகிவிடும். அதற்கு நிறையத் தண்ணீரும் வேண்டாம். கையில் பிடித்து வெட்டும் பெரிய கட்டருக்கே நிமிடத்துக்கு அரை லிட்டர் போதும் என்பது நடைமுறையில் உள்ள அளவு. ஆனால் அது விடாமல் வர வேண்டும், சரியான இடத்தில் விழ வேண்டும். ஒருவர் வெட்ட, இன்னொருவர் பாட்டிலில் ஓட்டை போட்டுத் தெளித்துக்கொண்டு நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டு தெளிப்புக்கு நடுவே பிளேடு காய்ந்து வெட்டுகிறது. அந்தச் சில நொடிகளில் வெள்ளையாக எழும்புவதைக் கவனியுங்கள். தண்ணீர் தெளிப்பவர்தான் அதை அதிகம் குடிக்கிறார், ஏனென்றால் அவர் முகம் பிளேடுக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது.

தண்ணீரின் மதிப்பை ஒரு சரித்திரம் காட்டுகிறது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 1930-31-ல் ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கப்பாதையைத் தோண்டினார்கள். சிலிக்கா நிறைந்த பாறை அது. தண்ணீர் விட்டுத் துளைத்தால் தூசி அடங்கும் என்பது அப்போதே தெரிந்ததுதான். வேகத்துக்காகக் காய்ந்த பாறையையே துளைத்தார்கள். நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் சிலிக்கோசிஸால் இறந்தார்கள்.

இதில் வேறு நன்மையும் உண்டு: பிளேடு சூடாகாமல் அதிக நாள் உழைக்கும், டைல்ஸ் ஓரம் சில்லு தெறிக்காது.

இனி செலவுகள். மின்சாரம் முதலில். சாதாரண ஆங்கிள் கிரைண்டர் தண்ணீருக்காகச் செய்யப்பட்டதில்லை. அதில் தண்ணீர் ஊற்றுவது கையில் மின்சாரத்தை அழைப்பது. தண்ணீர்க் குழாயோடு வரும் கட்டரை மட்டும் எடுங்கள், மின்கசிவு 30 மில்லிஆம்பியரைத் தொட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் வழியாகவே இணையுங்கள், வயர் இணைப்பு எதுவும் தரையில் கிடக்க வேண்டாம். பிளேடும் டைமண்ட் பிளேடாக இருக்க வேண்டும். ரெசினில் ஒட்டிய சாதாரண வெட்டுச் சக்கரம் ஈரத்தில் பலம் இழந்து உடைந்து தெறிக்கக்கூடும்.

அப்புறம் சேறு. நல்ல வழி என்று எல்லாரும் புகழ்ந்த பிறகு பேசாமல் விடுவது இதைத்தான். அந்தச் சேறு காய்ந்தால் அதே சிலிக்காப் பொடி. காலில் ஒட்டி, அடுத்த அறைக்குப் போய், அங்கே காய்ந்து, மிதிபட்டு மறுபடி எழும்பும். ஈரம் காயும் முன்பே வழித்து, வாளியில் தெளியவிட்டு, மேல் தண்ணீரை வடித்து, அடி மண்டியைப் பையில் கட்டிக் குப்பையில் போட வேண்டும். சாக்கடைக் குழாயில் ஊற்றினால் உள்ளே இறுகிக்கொள்ளும். கான்கிரீட் சேறு கடும் காரத்தன்மை உள்ளது, தோலை அரிக்கும், கையுறை அவசியம்.

இன்னொன்று: மூடிய அறையில் தண்ணீர் விட்டு வெட்டினாலும் மாஸ்க் தேவை. ஓஷா விதியில், கையில் பிடிக்கும் கட்டரை வெளியில் நான்கு மணி நேரத்துக்குள் தண்ணீரோடு ஓட்டினால் மாஸ்க் கட்டாயமில்லை. உள்ளே ஓட்டினால் கட்டாயம். தண்ணீர்ச் சாரலிலேயே நுண்துகள் மிதக்கும்.

மரம், ஜிப்சம், மின்வயர் ஓடும் சுவர், ஈரம் பட்டால் கறை விழும் அறை இவற்றுக்கெல்லாம் இந்த வழி ஒத்துவராது.

## வழி 3: கருவியிலேயே வேக்யூம் இணைப்பது

வீட்டுக்குள் செய்யும் வேலைக்கு என் கை முதலில் போவது இதற்குத்தான். கருவியைச் சுற்றி ஒரு மூடி, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் தூசிக்கென்றே செய்த வேக்யூம். தூசி பிறந்த இடத்திலேயே உள்ளே போய்விடுகிறது. சாண்டரில் இது அருமையாக வேலை செய்யும். உப்புத்தாளில் அடைப்பு குறைவதால் தாளும் நீடிக்கும், தேய்ப்பும் வேகமாகும். டிரில்லுக்கு, நுனி வழியாகவே தூளை உறிஞ்சும் உள்ளீடற்ற பிட்டுகள் வந்துவிட்டன.

ஆனால் "வேக்யூம்" என்ற ஒரே பெயரில், ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் இருக்கும் பொருள்கள் விற்கப்படுகின்றன. தரை கூட்டும் சாதாரண வீட்டு வேக்யூமை இதற்கு மாட்டினால், பெரிய தூள் பைக்குள் தங்கும், மூச்சோடு போகும் நுண்தூள் பையைத் தாண்டிப் பின்பக்கக் காற்றோடு அறைக்குள் வரும். ஆபத்தான பங்கை மட்டும் சலித்தெடுத்து அறையில் தூவும் கருவியாக அது மாறிவிடுகிறது. மோட்டாரும் சீக்கிரம் போய்விடும்.

ஐரோப்பிய முறையில் தூசி வேக்யூம்கள் மூன்று வகுப்பு. எல் வகுப்பு உள்ளே போனதில் அதிகபட்சம் ஒரு சதவீதத்தைக் கசியவிடலாம், எம் வகுப்பு 0.1 சதவீதம், எச் வகுப்பு 0.005 சதவீதம். நூறு கிராம் தூசியை உறிஞ்சினால் எல் ஒரு கிராம் வரை வெளியே விடும், எம் நூறு மில்லிகிராம், எச் வெறும் ஐந்து மில்லிகிராம். கான்கிரீட்டுக்கும் கடின மரத்துக்கும் எம் வகுப்புக்குக் கீழே போகாதீர்கள். ஈயம் இருந்தால் எச். அமெரிக்க முறையில் ஹெப்பா என்று போட்டிருந்தால், 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் ஃபில்டர் என்று பொருள். ஃபில்டர் மட்டும் ஹெப்பாவாக இருந்து, அதைச் சுற்றியுள்ள ரப்பர் சரியாக உட்காராமல் இருந்தால் பயனில்லை. வாங்கும்போது மூடியைத் திறந்து அந்த ரப்பரைத் தொட்டுப் பாருங்கள்.

இழுக்கும் காற்றின் அளவும் முக்கியம். கிரைண்டருக்கு ஓஷா கேட்பது, சக்கரத்தின் ஒவ்வொரு அங்குல விட்டத்துக்கும் நிமிடத்துக்கு 25 கன அடி காற்று. ஐந்து அங்குலச் சக்கரத்துக்கு 125 கன அடி, அதாவது மணிக்கு 212 கன மீட்டர். பெட்டியில் எழுதியிருக்கும் அளவு காலியான பையோடும் புதிய ஃபில்டரோடும் எடுத்தது. நுண்தூள் ஃபில்டரில் மாவுபோல அப்பியதும் இழுப்பு பாதியாகும், வேலை மும்முரத்தில் கவனிக்கவே மாட்டோம். தானே ஃபில்டரைத் தட்டிவிடும் வசதியோ, தூளைச் சுழற்றி ஃபில்டருக்கு முன்பே பிரித்துவிடும் சுழல் பிரிப்பானோ இருந்தால் கூடுதல் பணம் கொடுத்தே வாங்கலாம். குழாய் நீளமாகவும் ஒல்லியாகவும் ஆக ஆக இழுப்பு குறையும்.

கையின் பழக்கமும் சேர வேண்டும். மூடியின் விளிம்பு சுவரில் ஒட்டியபடி இருக்கும்வரைதான் பிடிப்பு. மூலைக்குப் போனால், பலகையின் ஓரத்தைத் தாண்டினால் ஒரு பக்கம் திறந்துவிடும், தூசி அந்த வழியாகப் பாயும். வெட்டி முடித்ததும் கருவியை வெடுக்கென்று இழுக்காமல், சுவரில் வைத்தபடியே நிறுத்தி, வேக்யூமை இன்னும் சில நொடி ஓட விடுங்கள்.

மறைந்திருக்கும் செலவுகளில் பெரியது பையும் ஃபில்டரும். அப்புறம் சத்தம், காலில் சுற்றும் குழாய், வேலையை நிறுத்திப் பை மாற்றும் நேரம். பை மாற்றும் நேரம்தான் ஆபத்தான நேரமும். வெளியே எடுத்துப்போய், மாஸ்க் போட்டுக்கொண்டு, உடனே கட்டிப் போடுங்கள். ஃபில்டரைச் சுவரில் தட்டி, காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்கிறவர் அதுவரை பிடித்ததையெல்லாம் திருப்பி விடுகிறார்.

தீயையும் சொல்லியாக வேண்டும். மரத்தூள் இருக்கும் வேக்யூமில் இரும்பு வெட்டும் பொறி போனால் பை கனலத் தொடங்கும், பல மணி நேரம் கழித்தும் பற்றலாம். வார்னிஷ் தேய்த்த தூள் தானாகவே சூடேறும் குணமுள்ளது, அன்றன்றே வெளியே கொட்டிவிட வேண்டும். அலுமினியத் தூசிக்கு வெடிக்கும் தன்மையே உண்டு, அதற்குச் சாதாரண தூசி வேக்யூம் வேண்டவே வேண்டாம்.

## வழி 4: திறந்தவெளி, விசிறி

வேலையை வாசலுக்கு எடுத்துப்போக முடிந்தால் எடுத்துப்போங்கள். பொருளைச் சாய்த்து வைத்து, காற்று உங்கள் பக்கவாட்டிலிருந்து தூசியைத் தள்ளிக்கொண்டு போகும்படி நில்லுங்கள். காற்று சரியாக முதுகில் பட்டால் உடம்புக்கு முன்னால் சுழல் உண்டாகி, தூசி முகத்துக்கே திரும்பி வரும். பக்கத்து வீட்டு ஜன்னலும் காயும் துணியும் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அறைக்குள் விசிறி வைப்பதென்றால், ஜன்னலில் வெளியே தள்ளும் வகையில், எதிர்ப்பக்கக் கதவு திறந்திருக்கும்படி வையுங்கள். வேலையின் மேல் அடிக்கும் விசிறி தூசியைக் கலக்கி வீடெங்கும் அனுப்பும். இது துணை வழிதான். கான்கிரீட்டை இதை மட்டும் நம்பி வெட்டக் கூடாது.

## வழி 5: மாஸ்க்

துணி மாஸ்க்கும் மருத்துவமனை மாஸ்க்கும் இதற்குக் கணக்கில் இல்லை. ஓரங்களில் காற்று தாராளமாக நுழையும். தூசியை வடிகட்டவே செய்த மாஸ்க்குகளில் என்95, எஃப்எஃப்பி2 என்று தரம் குறித்த வகைகள் சரியாகப் பொருந்தினால் உள்ளே வரும் தூசியைப் பத்தில் ஒரு பங்காக்கும். பிரிட்டனின் கணக்கில் எஃப்எஃப்பி3 இருபதில் ஒரு பங்கு. முழு முகத்தை மூடும் மாஸ்க், பொருத்தம் சோதித்துப் போட்டால், அமெரிக்கக் கணக்கில் ஐம்பதில் ஒரு பங்கு.

பத்தில் ஒன்று என்றால் பெரிதாகத் தோன்றும். உதாரணமாக, காய்ந்த வெட்டில் அறைக்காற்றில் சிலிக்கா வரம்பைப்போல நாற்பது மடங்கு ஏறியிருக்கிறது என்று வையுங்கள். என்95 அதை நான்கு மடங்காக்கும். நீங்கள் பாதுகாப்பாக இருப்பதாக எண்ணிக்கொண்டு வரம்பைப்போல நான்கு மடங்கை இழுக்கிறீர்கள். அதே வேலையில் வேக்யூம் முதலில் தூசியைப் பெருமளவு குறைத்துவிட்டால், மீதியை அதே மாஸ்க் எளிதாகச் சமாளிக்கும்.

மாஸ்க்கில் முக்கியம் ஃபில்டரைவிடப் பொருத்தம். மூன்று நாள் தாடியே போதும், ஓரத்தில் வழி திறந்துவிடும். மூக்குக் கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்துங்கள், பட்டை இரண்டையும் போடுங்கள். கீழ்ப்பட்டையைத் தொங்கவிட்டபடி வேலை செய்வதை அவ்வளவு பேரிடம் பார்க்கிறேன். மாதத்தில் பல நாள் வேலை செய்பவர், ரப்பர் முகப்பில் பி100 ஃபில்டர் (என்95-ஐவிட நுண்தூசியை அதிகம் பிடிக்கும் தரம்) மாட்டும் அரைமுக மாஸ்க்கை வாங்கினால், தூக்கிப்போடும் மாஸ்க்கைவிட நாளடைவில் செலவு குறையும், முகத்திலும் நன்றாக உட்காரும். தாடியை எடுக்க முடியாதவருக்கு, பேட்டரியில் காற்று ஊதும் தலைமூடி உண்டு. விலை அதிகம், ஆனால் அவருக்கு வேறு வழி கிடையாது.

இதன் மறைந்த செலவைப் பணத்தில் சொல்ல முடியாது. அடுத்த அறையில் படிக்கும் பிள்ளையை உங்கள் மாஸ்க் காக்காது. நீங்கள் கழற்றும் நொடியில் உங்களையும் காக்காது.

## ஒரே பார்வையில்

| வழி | தூசி பிடிபடும் இடம் | பக்கத்தில் இருப்பவருக்கு | நல்ல பொருத்தம் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| தூசியில்லா வெட்டு | கிளம்புவதே மிகக் குறைவு | முழுப் பாதுகாப்புக்கு அருகில் | நேரான டைல்ஸ், ஜிப்சம், மர இழைப்பு | நேரம், பழக்கம், உடையும் துண்டுகள் |
| தண்ணீர் | பிளேடு விளிம்பு | நல்லது, சேறு காயாதவரை | வெளியில் கல், கான்கிரீட், டைல்ஸ் | மின்சார அபாயம், சேறு வாருதல் |
| வேக்யூம் | கருவியின் மூடிக்குள் | நல்லது, ஃபில்டர் சரியாக இருந்தால் | உள்ளே சாண்டிங், துளையிடல், காடி வெட்டு | பை, ஃபில்டர், சத்தம், தீ அபாயம் |
| திறந்தவெளி, விசிறி | பிடிபடுவதில்லை, நீர்க்கிறது | காற்றின் திசையைப் பொறுத்தது | மரம், சிறு வேலை | தூசி அடுத்தவரிடம் போவது |
| மாஸ்க் மட்டும் | மூக்கின் வாசல் | எதுவும் இல்லை | மற்ற வழிகளோடு சேர்த்து | பொருத்தம், மாற்று ஃபில்டர் |

## எந்த வேலைக்கு எது?

சுவரில் நாலைந்து ஓட்டை மட்டும் என்றால், டிரில் நுனிக்கு அருகில் நல்ல வேக்யூமின் வாயைப் பிடித்துக்கொண்டாலே பெரும்பகுதி அடங்கும். இதற்காகப் பெரிய கருவி வாங்க வேண்டாம்.

குடியிருக்கும் வீட்டுக்குள் காடி வெட்ட வேண்டும் என்றால், மூடி வைத்த கிரைண்டரும் எம் வகுப்பு வேக்யூமும், அதோடு மாஸ்க்கும். கதவிடுக்கை பிளாஸ்டிக் தாளால் ஒட்டுங்கள், ஏசியை நிறுத்துங்கள். ஒரே ஒரு நாள் வேலைக்கு இதையெல்லாம் வாங்குவது கட்டுப்படியாகாது, வாடகைக்கு எடுங்கள். வாடகைக்கு எடுக்கும்போது பையும் ஃபில்டரும் புதியதா என்று கேட்டு, திறந்து பாருங்கள்.

தரைக்கல், நடைபாதைக் கல், கிரானைட் பலகையை நிறைய வெட்டவேண்டி வந்தால் வெளியே எடுத்துப்போய்த் தண்ணீரோடு வெட்டுங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. குளியலறைக்குள் நாலு டைல்ஸ் என்றால், அளவெடுத்துக்கொண்டு வெளியே வந்து வெட்டி எடுத்துப்போகும் நடைக்குச் சோம்பல் படாதீர்கள்.

மர வேலையில் ரம்பம் போடும் தூள் பெரும்பாலும் பருமன், சாண்டர் போடுவதுதான் நுண்மை. பணம் குறைவாக இருந்தால் முதல் வேக்யூமைச் சாண்டருக்கு மாட்டுங்கள். எம்டிஎஃப்பை ரம்பத்தால் அறுத்தாலும் மாவுபோல நுண்மையாக வரும், அதை வெறும் மரம் என்று எண்ண வேண்டாம்.

## வேலை முடிந்த பிறகு

துடைப்பத்தை எடுக்காதீர்கள், காற்றுக் குழாயால் ஊதாதீர்கள். அரைமணி நேரமாவது அறையை விட்டு வெளியே இருங்கள். திரும்பி வரும்போதும் மாஸ்க்கோடு வாருங்கள். ஹெப்பா வேக்யூமால் மேலிருந்து கீழாக உறிஞ்சி, அப்புறம் ஈரத்துணியால் துடையுங்கள். துணி காயும் முன் அலசிவிடுங்கள். போட்டிருந்த சட்டையை உதறாமல் கழற்றி, மற்ற துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். அந்தச் சட்டையோடு குழந்தையைத் தூக்காதீர்கள். மாஸ்க்கைக் கழற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

நீங்கள் தேர்ந்தெடுத்த வழி வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு, செலவில்லாதது. அறையை இருட்டாக்கி, கருவி ஓடும் இடத்துக்குப் பின்னால் ஒரு பிரகாசமான டார்ச்சை உங்களை நோக்கி வையுங்கள். விளக்கை நேராகப் பார்க்காமல், ஒளிக்கற்றையின் ஓரத்தைப் பாருங்கள். சாதாரண வெளிச்சத்தில் தெரியாத நுண்தூசி அதில் புகைபோல மின்னும். மூடியின் எந்தப் பக்கத்திலிருந்து வழிகிறது, தண்ணீர் எந்த நொடியில் தவறுகிறது, வேக்யூமின் பின்பக்கத்தில் ஏதாவது வருகிறதா என்று எல்லாம் தெரிந்துவிடும். முதல் வெட்டை அப்படிப் போட்டுப் பார்த்துவிட்டு, மூடியையோ குழாயையோ ஃபில்டரையோ சரிசெய்து, அதன் பிறகு இரண்டாவது வெட்டைத் தொடங்குங்கள்.